மின்வண்டியும் தேர்ந்து கொள்ளலும்

பிறர் கையாண்ட பொருளை விலை கொடுத்து வாங்கும் வழக்கம் வணிகம் தோன்றிய காலந்தொட்டே மனிதரிடையே இருந்து வருகின்றது. உழவன் பழகிய எருதைச் சந்தையிற் கொள்ளும்போது அதன் பல்லை எண்ணினான், சுழியைப் பார்த்தான், சிறிது தூரம் நடத்தியும் பார்த்தான். கடற்றொழிலாளி பழைய வள்ளமொன்றை வாங்குமுன் அதன் அடிப்பலகையைத் தட்டி ஓசை கேட்டான். பெற்றோல் வண்டிகள் வந்த காலத்திலும் இத்தகைய தேர்வு முறையொன்று விரைவில் உருவாயிற்று. புகையின் நிறம், எண்ணெயின் தடிப்பு, இயந்திரம் விழித்தெழும் ஒலி ஆகியவற்றைக் கொண்டே வண்டியின் வயதையும் வாழ்வையும் அறிந்து சொல்லத்தக்க கைதேர்ந்தோர் ஊர்தோறும் இருந்தனர். ஆனால் இன்று புத்தளக் கரையோரத்து வீடுகளின் முற்றங்களில் வந்து நிற்கும் மின்வண்டிக்குப் புகையுமில்லை; எண்ணெயுமில்லை; ஒலியுமில்லை. முதுமையை வெளிக்காட்டாத முகமொன்றுடன் அது விலைக்கு நிற்கின்றது. அதனை எவ்வாறு தேர்ந்து கொள்வது என்பதே இன்று பல குடும்பங்களின் முன்னுள்ள வினாவாகும்.

மின்வண்டி புதுமைப் பொருள் என்று கருதுவது பொருந்தாது. மீண்டும் மின்னேற்றத்தக்க ஈய மின்கலத்தை 1859ஆம் ஆண்டிலே பிரெஞ்சு அறிஞர் கஸ்தோன் பிளாந்தே ஆக்கினார். தரையில் மணிக்கு 100 கிலோமீற்றர் வேகத்தை முதன்முதலில் தாண்டிய வண்டியும் மின்வண்டியே. பெல்ஜிய நாட்டவரான கமீல் ஜெனாற்சி 1899இல் அதனை ஓட்டிக் காட்டினார். எனினும் ஈயத்தின் சுமையும் பெற்றோலின் மலிவும் சேர்ந்து மின்வண்டியை வீதியினின்றும் விலக்கின. 1991இல் லிதியம் அயன் மின்கலம் விற்பனைக்கு வந்தபின்னரே அதற்கு மறுவாழ்வு கிட்டியது. அம்மின்கலத்தின் ஆக்கத்திற் பங்கேற்ற குடினஃப், விற்றிங்ஹம், யோஷினோ ஆகிய மூவரும் 2019இல் இரசாயனவியலுக்கான நோபல் பரிசினைப் பெற்றனர். 2010 டிசம்பரில் விற்பனைக்கு வந்த நிசான் நிறுவனத்தின் 'லீஃப்' என்னும் வண்டி, நடுத்தரக் குடும்பங்களை நோக்கிப் பெருந்தொகையாக ஆக்கப்பட்ட முதல் மின்வண்டிகளுள் ஒன்றாகும்.

இவ்வண்டியே இலங்கைக்கும் வந்தது. யப்பானிற் சில ஆண்டுகள் ஓடிய லீஃப் வண்டிகள் 2015ஐ ஒட்டிய ஆண்டுகளில் இங்கு பெருமளவில் இறக்குமதியாயின. 2020இல் வாகன இறக்குமதி நிறுத்தப்பட்டது. 2022இல் அந்நியச் செலாவணி வற்றி, எரிபொருள் நிலையங்களின் முன் மக்கள் நாட்கணக்கில் வரிசையில் நின்றனர். அவ்வாண்டு நடைமுறைக்கு வந்த பங்கீட்டு முறையில் ஒரு காருக்கு வாரத்திற்கு 20 லீற்றர் பெற்றோலே முதலில் ஒதுக்கப்பட்டது. வரிசையில் நின்றவன் கண்முன்னே ஓசையின்றிக் கடந்து சென்ற மின்வண்டி அவன் மனத்தில் ஆழப் பதிந்திருக்கும் என்பதில் ஐயமில்லை. தனியார் வாகன இறக்குமதி 2025 பெப்ரவரியில் மீண்டும் அனுமதிக்கப்பட்டு, சீன நாட்டுப் புதிய மின்வண்டிகள் வீதிக்கு வந்தபோதிலும், அவற்றின் விலை சாதாரண சம்பளக்காரனுக்கு எட்டாததாகவே இருக்கின்றது. ஆகவே பத்தாண்டைக் கடந்த பழைய லீஃப் வண்டிகள் கைமாறிக் கைமாறிச் சிலாபம், முந்தல், புத்தளம், கற்பிட்டி என்று கரையோரம் நெடுகிலும் பரவலாயின.

பழைய வண்டிச் சந்தையின் இயல்பைப் பொருளியலறிஞர் ஜோர்ஜ் அக்கலொவ் 1970இல் வெளியிட்ட கட்டுரையொன்றில் ஆராய்ந்தார். கோளாறுள்ள வண்டியை அமெரிக்க மக்கள் 'எலுமிச்சை' என்று வழங்குவர். விற்பவனுக்கு வண்டியின் குறை தெரியும், வாங்குபவனுக்குத் தெரியாது. தெரியாதவன் எல்லா வண்டிகளையும் ஒன்றுபோலவே ஐயுற்று, நடுத்தரமான விலையொன்றையே கொடுக்க முன்வருவான். அவ்விலைக்கு நல்ல வண்டியை விற்க உடையவன் மனம் கொள்ளான். அவன் சந்தையை விட்டு விலகுவான். எஞ்சுவன குறையுள்ளனவே. இவ்வாறு அறியாமை நல்ல பொருளைச் சந்தையினின்றும் துரத்திவிடுகின்றது என்பதே அவர்தம் முடிபு. இவ்வாய்வு வழி தொடர்பாகவே 2001இல் அவர் நோபல் பரிசினைப் பகிர்ந்துகொண்டார். குறை வெளித்தெரியாத மின்வண்டிக்கு இக்கருத்து பெற்றோல் வண்டியிலும் பார்க்கப் பன்மடங்கு பொருந்தும். ஆதலால் வாங்குமுன் ஆராய்வது வாங்குபவனின் தன்னலம் மட்டுமன்று. நேர்மையான விற்பனையாளனைக் காக்கும் செயலுமாகும்.

கற்பிட்டியில் வாழும் ஆசிரியர் ஒருவரின் நிலையை ஈண்டு எடுத்துக்கொள்ளலாம். அவர் கற்பிப்பது புத்தளம் நகரிலுள்ள பாடசாலையொன்றில். பாலாவி வழியே ஒரு வழித் தூரம் ஏறத்தாழ 45 கிலோமீற்றர், போய்வர 90. நோயுற்ற தாயாரை மாதமொருமுறை மருத்துவரிடம் அழைத்துச் செல்லும் கடமையும் அவருக்குண்டு. பல ஆண்டுகளாகச் சேர்த்த சேமிப்பையும் மனைவியின் நகையை ஈடுவைத்துப் பெற்ற பணத்தையும் கொண்டே வண்டி வாங்க முற்பட்டார். தவறான வண்டியொன்று வாய்க்குமாயின் இழப்பது பணத்தை மட்டுமன்று. நடுவழியில் நிற்கும் வண்டியினுள் தாயாருடன் காத்திருக்கும் நிலையும் நேரும். மீட்க முடியாத நகை குறித்து வீட்டில் எழும் மௌனமும் நேரும். இத்தகைய குடும்பங்களுக்கு வண்டி தேர்தல் பொழுதுபோக்கான ஆராய்ச்சியன்று.

மின்வண்டியின் உயிர்நிலை அதன் மின்கல அடுக்காகும். மோட்டாரில் அசையும் உறுப்புகள் மிகச் சில; அது எளிதிற் பழுதடைவதில்லை. மின்கல அடுக்கோ ஓடினாலும் தேயும். ஓடாது நின்றாலும் தேயும். கலத்தினுள் நிகழும் வேண்டாத இரசாயனத் தாக்கங்கள் பயன்தரும் லிதியத்தைச் சிறிது சிறிதாக விழுங்குகின்றன. வெப்பம் கூடுந்தோறும் இத்தாக்கங்கள் விரைவுபடும். முழு மின்னேற்றத்துடன் வெயிலில் நெடுநேரம் நிற்கும் வண்டியில் இத்தேய்வு இன்னும் மிகும். பிற்காலத்து மின்வண்டிகள் பலவற்றில் மின்கலங்களைக் குளிர்விக்கும் திரவச் சுற்றோட்டம் உண்டு. லீஃப் வண்டியில் அத்தகைய ஏற்பாடு இல்லை. சுற்றியுள்ள காற்றையே அது நம்பியிருக்கின்றது.

இதன் விளைவு முதலில் வெளிப்பட்டது அமெரிக்காவின் அரிசோனா மாநிலத்திலாகும். பாலைவெயில் காயும் பீனிக்ஸ் நகரில் 2012இன் கோடையிலே, வாங்கி இரண்டாண்டும் நிறையாத வண்டிகள் தம் கொள்ளளவில் கணிசமான பகுதியை இழந்துவிட்டன என்று உடைமையாளர் முறையிட்டனர். வழக்கும் தொடுக்கப்பட்டது. இதன் பின்னரே ஐந்து ஆண்டு அல்லது 60,000 மைல் வரையிலான கொள்ளளவு உத்தரவாதத்தை நிறுவனம் அறிவித்தது. வெப்பத்தைக் கூடுதலாகத் தாங்கும் மின்கலங்களும் பின்னர் பொருத்தப்பட்டன. புத்தளத்து வெயில் அரிசோனாவின் கடுமையை எட்டுவதில்லை எனினும், இங்கு குளிர்காலம் என்ற ஓய்வு மின்கலத்திற்குக் கிடைப்பதேயில்லை. எனவே இக்கரையில் நெடுங்காலம் நின்ற வண்டியையும், அண்மையில் மலைநாட்டினின்று இறங்கிய வண்டியையும், ஆக்கிய ஆண்டு ஒன்றே என்பதற்காகச் சமமாக மதிப்பது தவறாகும்.

லீஃப் வண்டியின் முகப்புப் பலகையில், வலப்புறத்தே, பன்னிரண்டு சிறு பட்டைகள் காணப்படும். அவை மின்கல அடுக்கின் எஞ்சிய கொள்ளளவைக் காட்டுவன. முதற் பட்டை மறையும்போது ஏறத்தாழ 15 வீதம் இழக்கப்பட்டிருக்கும். அதன்பின் மறையும் ஒவ்வொரு பட்டையும் 6.25 வீத இழப்பைக் குறிக்கும். ஒன்பது பட்டை நிற்கும் வண்டியில் ஏறத்தாழ 70 வீதமே எஞ்சியுள்ளது எனலாம். ஆனால் இப்பட்டைகளையும் முற்றாக நம்பலாகாது. வண்டியின் கணினி நினைவை மீளமைத்து, தேய்ந்த அடுக்கிற்கும் பன்னிரண்டு பட்டைகளைக் காட்டச் செய்யும் மோசடி பல நாடுகளில் அறியப்பட்டதொன்றாகும். சில வாரங்கள் ஓடியபின் கணினி தானே உண்மையை உணர்ந்து பட்டைகளைக் குறைத்துவிடும். அதற்குள் பணம் கைமாறியிருக்கும். மறுதலையாக, 30 கிலோவாற்று மணிக் கொள்ளளவு கொண்ட பிற்கால லீஃப் வண்டிகளில் கணினியின் கணக்கே பிழைத்து, மின்கலம் உள்ளதிலும் மோசமாகக் காட்டப்பட்டமை 2018இல் வெளிப்பட்டது. நியூசிலாந்தின் வண்டி உடைமையாளர் திரட்டிய தரவுகளே அவ்வினாவை எழுப்பின; நிறுவனம் திருத்தமொன்றை வெளியிட்டது. ஆகவே கருவி காட்டும் எண் சாட்சியே அன்றித் தீர்ப்பு அன்று.

தீர்ப்புக் கூறவல்லது ஓட்டமே. மேற்கூறிய ஆசிரியர் முதலிற் பார்த்த வண்டி கண்ணைக் கவர்வதாயிருந்தது. 2013ஆம் ஆண்டினது, புதுப்பூச்சு மின்னியது, பட்டைகள் பன்னிரண்டும் நிமிர்ந்து நின்றன. அவருடன் சென்ற இளம் மின்வினைஞர் மட்டும் முகம் மலரவில்லை. "சேர், பத்து வருஷத்துக்கு மேல ஓடின வண்டியில பன்னிரண்டு பட்டையும் நிற்கிறதுதான் எனக்குச் சந்தேகம். ஓடிப் பார்ப்போம்" என்றார் அவர். "நல்லது தம்பி, உங்கள் சொற்படியே ஆகட்டும்" என்று ஆசிரியரும் இணங்கினார். முழுமையாக மின்னேற்றி, பாலாவியினின்றும் நுரைச்சோலைப் பக்கமாகச் சென்று அதே வழியே திரும்பினர். இக்கரையில் தென்மேற்குப் பருவக்காற்று ஒரு திசையில் வண்டியைத் தள்ளும். மறு திசையில் தடுக்கும். போக்கும் வரவும் சேர்த்துப் பார்த்தாலன்றி உண்மை விளங்காது. 35 கிலோமீற்றர் முடியுமுன்னரே மின்னேற்றம் அரைவாசிக்குக் கீழே இறங்கிவிட்டது. பன்னிரண்டு பட்டை காட்டிய வண்டி முழு ஏற்றத்தில் 70 கிலோமீற்றர் ஓடுவதே அரிதென்பது தெளிவாயிற்று.

இங்கு கணக்கொன்றை மனத்திற் கொள்ளல் நன்று. 24 கிலோவாற்று மணிக் கொள்ளளவுள்ள முதற்கால லீஃப் வண்டிக்கு யப்பானிய விளம்பரங்கள் 200 கிலோமீற்றருக்கும் மேற்பட்ட ஓட்டத்தைக் கூறின. அமெரிக்க அரசின் சோதனை முறையோ, புதிய நிலையிலேயே, ஆண்டு மாதிரிக்கேற்ப 117 முதல் 135 கிலோமீற்றர் வரை மட்டுமே என்றது. பின்னையதே நடைமுறைக்கு அணித்தானது. 70 வீதம் எஞ்சிய வண்டி அக்கணக்கின்படி 82 முதல் 95 கிலோமீற்றரே ஓடும். குளிரூட்டியை இயக்கினால் இன்னும் குறையும். கொழும்பு வரையுள்ள ஏறத்தாழ 130 கிலோமீற்றரை இடையில் மின்னேற்றாது கடக்கலாம் என்று எவரேனும் உறுதி கூறின், அவ்வுறுதியை ஏற்குமுன் சிந்தித்தல் வேண்டும்.

மொத்தக் கொள்ளளவு மட்டும் போதாது. கலங்களின் ஒற்றுமையும் ஆராயத்தக்கது. இவ்வண்டியில் 96 கலச் சோடிகள் ஒன்றன்பின் ஒன்றாகத் தொடுக்கப்பட்டுள்ளன. உடப்பிலும் அதனை அடுத்த கரைகளிலும் கரைவலை இழுப்போரைக் கண்டவர்களுக்கு இதன் பொருள் எளிதில் விளங்கும். ஒருவன் தளர்ந்தால் வரிசை முழுவதும் அவனது வேகத்திற்கே இறங்கும். அதுபோல, நலிந்த சோடியொன்று வற்றியதும் ஏனையவற்றில் மின் எஞ்சியிருந்தும் வண்டி நின்றுவிடும். வண்டியின் சோதனைத் துளையிற் சிறு கருவியொன்றைப் பொருத்திக் கைத்தொலைபேசியில் ஒவ்வொரு சோடியின் மின்னழுத்தத்தையும் காணும் வசதி இன்று உண்டு. மின்னேற்றம் குறைந்த நிலையிலேயே இதனைப் பார்த்தல் வேண்டும். நிறைந்த நிலையில் நலிந்த கலமும் நல்லதுபோல் தோன்றும். உயர்விற்கும் தாழ்விற்கும் உள்ள வேறுபாடு சில பத்து மில்லிவோல்ற்றுக்குள் அடங்கின் நன்று. நூற்றைத் தாண்டி, ஒரே சோடி திரும்பத் திரும்பத் தாழ்ந்து நிற்பின், அவ்வண்டியை விட்டு விலகுவதே அறிவுடைமை.

அடுத்து உப்பின் வேலையைக் கூறவேண்டும். ஒருபுறம் கடலும் மறுபுறம் களப்பும் சூழ்ந்த கற்பிட்டித் தீபகற்பத்தில் உப்புக்காற்று ஓடையிலும் ஓட்டிலும் மட்டுமன்றி இரும்பிலும் குடிகொள்கின்றது. மின்வண்டி வேகம் குறையும்போது மோட்டாரே மின்னாக்கியாகி ஓட்டத்தை மீட்டெடுப்பதால், பிறேக் தட்டுகள் பெற்றோல் வண்டியிற்போல உராய்வதில்லை. உராயாத தட்டைத் துரு விரைவிற் பற்றும், பிடிகள் இறுகிவிடும். இதனைச் சக்கர இடுக்கினூடே கண்ணாலும் காணலாம். வெற்று வீதியில் உறுதியாக மிதித்து, வண்டி ஒருபக்கம் இழுக்கின்றதா என்றும் அறியலாம். வண்டியை உயர்த்தி அடிப்பகுதியைப் பார்ப்பது தவிர்க்கலாகாத கடமையாகும். மின்கலப் பெட்டியின் விளிம்பிலும் ஆணிகளிலும் துரு ஆழ்ந்துள்ளதா, அடித்தட்டில் மோதிய வடுவுண்டா என்று நோக்கல் வேண்டும். மின்னேற்றும் வாயிலின் ஊசிகளிற் பச்சை படிந்திருப்பின் அது உப்பின் கைவரிசை. கருகியிருப்பின் வெப்பத்தின் கைவரிசை. செம்மஞ்சள் நிறக் கம்பிகளை மட்டும் எவரும் தொடலாகாது. அவற்றில் ஏறத்தாழ 360 வோல்ற்று நேரோட்ட மின் பாய்கின்றது. பயிற்சி பெறாதவனுக்கு அது உயிராபத்தாகும்.

2025 நவம்பர் இறுதியில் 'டித்வா' புயலோடு வந்த வெள்ளம் நாட்டின் பல மாவட்டங்களை மூழ்கடித்தபின், நீரில் நின்ற வண்டியா என்னும் கேள்வியும் இன்றியமையாததாயிற்று. இருக்கை வார்களை முழு நீளத்திற்கு இழுத்துப் பார்த்தால் நீர் நின்ற கோடு தெரியும். விரிப்பின் அடியிற் சேறும் நாற்றமும் எஞ்சும். இத்தகைய வண்டியில், உவர்நீர் புகுந்திருப்பின், குறை பல மாதங்கள் கழித்தும் வெளிப்படக்கூடும்.

பத்திரங்களும் பேசும். ஆக்கிய ஆண்டு, இலங்கையிற் பதிந்த ஆண்டு, முன்னைய உடைமையாளர் எண்ணிக்கை ஆகியவற்றைப் பதிவுச் சான்றிதழுடன் ஒப்பிட்டு, அடிச்சட்ட எண்ணையும் நேரிற் பார்த்தல் வேண்டும். யப்பானிய ஏலத் தாள் கிடைக்குமாயின் அங்கு பதியப்பட்ட ஓட்டத் தூரத்தையும் தர எழுத்தையும் கவனிக்கலாம். விபத்தின் பின் திருத்தப்பட்ட வண்டிகள் 'ஆர்' என்னும் எழுத்தால் வேறுபடுத்தப்படுவதுண்டு. அத்தாளிலுள்ள தூரம் முகப்பிலுள்ள தூரத்தினும் மிகுந்திருப்பின் மேற்கொண்டு பேச எதுவுமில்லை.

வண்டியை ஆராய்ந்தவன் தன் வீட்டையும் ஆராய்தல் வேண்டும். முதற்கால லீஃப் வண்டி பல மணி நேரம் தொடர்ந்து ஏறத்தாழ 3 கிலோவாற்று மின்னை இழுக்கும். விளக்கிற்கும் விசிறிக்குமென இழுத்த பழைய கம்பிகள் இதனைத் தாங்கமாட்டா. கரையோர மணலில் நிலத்தொடுப்பும் நம்பத்தக்கதன்று. உலர்ந்த மணல் மின்னை எளிதிற் கடத்தாது, உவர்நீரோ புதைத்த கோலையே அரித்துவிடும். தனிக்கம்பியும் காப்பு ஆளியும் நல்ல நிலத்தொடுப்பும் சேர்ந்த செலவை வண்டியின் விலையோடு கூட்டியே பார்க்கவேண்டும். 2022இலும் 2023இலும் மின்கட்டணம் பெரிதும் உயர்த்தப்பட்டமையும் நினைவிற்குரியது. நுரைச்சோலையில் 900 மெகாவாற்று அனல் மின்நிலையம் கரும்புகை விட, மாம்புரிக் கரையிற் காற்றாடிகள் சுழல்கின்றன. இரண்டிற்கும் அயலில் வாழ்பவர்கள் மின் எவ்விலையுமின்றி வருவதென்று எண்ண இடமில்லை.

ஆசிரியர் ஈற்றில் வாங்கியது ஒன்பது பட்டை மட்டுமே நின்ற வண்டியொன்றை. அதன் உடைமையாளர் சிலாபத்தைச் சேர்ந்த முதியவர். வண்டி எவ்வளவு தூரம் ஓடும், எந்தப் பிடி இறுகியது, எப்போது மாற்றப்பட்டது என்பவற்றைக் கேட்குமுன்பே கூறி, அதற்கேற்பவே விலையும் சொன்னார். ஓட்டிப் பார்த்தபோது அவர் சொல்லும் வண்டியின் செயலும் ஒத்திருந்தன. 90 கிலோமீற்றர் போய்வர அவ்வண்டி போதாது. ஆயினும் புத்தளத்தில் உறவினர் வீடொன்று இருந்தது. பாடசாலை நடைபெறும் ஆறு மணி நேரம் அங்கு மின்னேற்றலாம். அவ்வாறாயின் அவருக்கு வேண்டியது 45 கிலோமீற்றர் மட்டுமே. சில ஆண்டுத் தேய்வுக்குப் பின்னும் அதற்குக் குறைவிராது. நம்பகம் என்பது வண்டியில் மட்டும் உறைவதன்று என்பதும், தேவைக்கும் பொருளுக்கும் இடையிலுள்ள பொருத்தமே அது என்பதும் இதனாற் பெறப்படும்.

வள்ளுவர் தெரிந்து தெளிதலுக்கென ஓர் அதிகாரம் வகுத்தார். ஆராயாது நம்புவதும், ஆராய்ந்து நம்பியபின் ஐயுறுவதும் ஒருபோலத் துன்பந்தருவன என்று அதன் இறுதியில் உணர்த்தினார். மனிதரைக் குறித்துக் கூறப்பட்ட அவ்வறம் பொருளுக்கும் ஏற்புடையதே. எனினும் ஒவ்வொரு குடும்பமும் தனித்தனியே அஞ்சி அஞ்சி ஆராயும் நிலை நெடிது நீடித்தல் நன்றன்று. மின்கல நலத்தை அளந்து சான்று வழங்கும் பொதுச் சோதனை நிலையங்கள் மாவட்டந்தோறும் தோன்றுமாயின், மறைப்பவனுக்கு இடமின்றிப் போகும். மறைக்காதவனுக்கு உரிய விலையும் கிட்டும். நம் பல்கலைக்கழகங்களிற் பொறியியல் பயிலும் இளைஞர் இத்துறையில் முனைதல் நாட்டுக்குச் செய்யும் நற்பணியாகும். அதுவரை, கரையோரத்து முதியோர் வள்ளத்தின் அடிப்பலகையைத் தட்டிப் பார்த்த அப்பொறுமையே புதிய வண்டிக்கும் உற்ற துணையாக நிற்கும்.